முதல் முறையாக ஹைஃபை ஸ்பீக்கர் கட்டப்போகிறேன், எந்தத் திட்டத்தை எடுப்பது?

புதுச்சுருள்:

வணக்கம் நண்பர்களே. கடையில் வாங்குவதற்குப் பதிலாக ஒரு ஜோடி ஸ்பீக்கரை நானே கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் எதைக் கட்டுவது என்பதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். இணையத்தில் நூற்றுக்கணக்கான வரைபடங்கள் கிடக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒருவர் ஆகா ஓகோ என்கிறார், அடுத்தவர் காது வலிக்கிறது என்கிறார்.

என் நிலவரம் இது. அறை சுமார் 3 மீட்டருக்கு 4 மீட்டர். ஸ்பீக்கரிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பேன். ஆம்ப் பழையது, 8 ஓமில் சேனலுக்கு 30 வாட், பின்பக்கத்தில் 6 முதல் 16 ஓம் வரை என்று அச்சடித்திருக்கிறது. பெரும்பாலும் குரல், வயலின், அப்புறம் இரவில் ஏதாவது படம். வீடு அதிரும்படி கேட்கும் பழக்கம் கிடையாது. கருவிகளில் ட்ரில், ஜிக்சா, சால்டரிங் அயர்ன் மூன்றும் உண்டு. மரத்தில் பள்ளம் குடையும் ரூட்டர் இல்லை.

மனதில் இருப்பவை மூன்று. ஒன்று, எல்லா ஒலியையும் தானே தரும் 4 அங்குல ஃபுல்ரேஞ்ச் டிரைவர் (கூம்பு அதிர்ந்து ஒலி எழுப்பும் பாகம்) ஒன்றே ஒன்றை உயரமான குழல் பெட்டியில் வைப்பது. இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு 5 அல்லது 6 அங்குல ஊஃபரும் உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டரும் உள்ள டூ-வே புக்‌ஷெல்ஃப். மூன்று, 8 அங்குல ஊஃபரோடு, ஒலியை மூன்றாகப் பிரித்துத் தரும், தரையில் நிற்கும் த்ரீ-வே. ஒரே தடவை கட்டப்போகிறோம், பெரிதாகவே கட்டிவிடலாமே என்று மூன்றாவது இழுக்கிறது.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. நல்ல பெயர் எடுத்த ஒரு டூ-வே வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதில் ட்வீட்டரை மட்டும் இன்னும் உயர்ந்ததாக மாற்றி, ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியை 2,500 ஹெர்ட்ஸில் பிரித்துக் கொடுக்கும் ரெடிமேட் கிராஸோவர் போர்டு போட்டால் வேலை சுலபமாகுமா?

மரத்தூள்:

வாங்க. இவ்வளவு விவரம் கொடுத்துக் கேட்டதற்கே பாதி வேலை முடிந்தது. பலர் "எது பெஸ்ட்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள்.

என் ஓட்டு இரண்டாவதற்கு, யோசிக்கவே வேண்டாம். த்ரீ-வேயை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பெட்டி பெரிதாவதோடு அது நிற்பதில்லை, பிரிக்கும் இடம் இரண்டாகிறது, கீழே உள்ள பிரிப்பு 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் காயில்களும் கெபாசிட்டர்களும் கனத்துக்கொண்டே போகும், பாகச் செலவில் பெரும்பங்கு கிராஸோவருக்கே போய்விடும், கடைசியில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் எங்கே தேடுவது என்றே தெரியாது.

30 வாட் போதுமா என்று உள்ளூர ஒரு பயம் இருக்கும், அதையும் கணக்குப் போட்டுவிடலாம். 87 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 87 தரும். சக்தி இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபல் கூடும், ஆகவே 30 வாட்டுக்குக் கிட்டத்தட்ட 15 கூடுகிறது. தூரம் 2 மீட்டர் என்பதால் 6 கழிகிறது. ஒரு ஸ்பீக்கரிலிருந்தே 96 வந்துவிட்டது, இரண்டு சேர்ந்து பாடி, அறைச் சுவர்களும் கொஞ்சம் திருப்பித் தரும்போது இன்னும் கூடும். நீங்கள் சொல்லும் கேட்புக்கு இது தாராளம்.

ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. பல டேட்டா ஷீட்களில் உணர்திறனை 2.83 வோல்ட்டுக்குத்தான் குறிப்பிடுவார்கள். 8 ஓமில் அது 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஆக 4 ஓம் டிரைவரில் 87 என்று போட்டிருந்தால் வாட் கணக்கில் அது 84தான். உங்கள் ஆம்ப் 6 ஓமுக்குக் கீழே வேண்டாம் என்கிறதே, அதனால் 4 ஓம் வரைபடங்களை முதலிலேயே தள்ளிவிடுங்கள், பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். 8 ஓம் என்று பெயர் போட்டதிலும் இம்பீடன்ஸ் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் காட்டும் மின்தடை) வரைபடத்தைப் பாருங்கள். சர்வதேசத் தரப்படி பெயரளவு மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே எங்கும் இறங்கக்கூடாது, அதாவது 8 ஓமுக்கு 6.4. எல்லோரும் அதை மதிப்பதில்லை.

சால்டர்சாமி:

மரத்தூள் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் புதுச்சுருள் கடைசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறார், அதை யாரும் தொடவில்லை. ட்வீட்டரை மாற்றி ரெடிமேட் போர்டு போடும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெடிமேட் போர்டில் இருக்கும் மதிப்புகள் டிரைவரை ஒரு சாதாரண 8 ஓம் ரெசிஸ்டர் என்று எண்ணிப் போடப்பட்டவை. நிஜ டிரைவர் அப்படி நடந்துகொள்வதே இல்லை. ஊஃபர் இயல்பாகவே அதிகம் அதிரும் ஒத்ததிர்வு இடத்தில் இம்பீடன்ஸ் பல மடங்கு ஏறும், பிறகு இறங்கும், மேலே போகப்போக வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மறுபடி ஏறும். 2,500 என்று போர்டில் எழுதியிருக்கும், உங்கள் டிரைவரோடு சேரும்போது அது எங்கே பிரிக்கும் என்பது வேறு கதை. அதோடு, டிரைவரே ஒரு அதிர்வெண்ணுக்கு மேலே தானாகச் சரியத் தொடங்கும். வடிவமைப்பவர் அந்த இயற்கையான சரிவையும் மின்சுற்றின் சரிவையும் கூட்டித்தான் கடைசி வடிவத்தைக் கொண்டுவருவார். லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு பொறியாளர்கள் 1976இல் கொடுத்த வடிவத்தில் இரண்டு டிரைவர்களும் பிரிப்பு இடத்தில் 6 டெசிபல் இறங்கி, ஒரே ஃபேஸில் (அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும்படி) சேர்ந்து, நேர்கோடாகக் கூடுகின்றன. காதுக்கு வந்து சேரும் ஒலியில் இது நடக்க வேண்டும், போர்டில் மட்டும் நடந்து ஒரு புண்ணியமும் இல்லை.

அடுத்தது, முன்பலகை. தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் பரவும், உயர்ந்த ஒலி முன்னால் மட்டும் போகும். இதனால் கீழ்ப்பகுதி மேல்பகுதியைவிட 6 டெசிபல் வரை தாழ்ந்துவிடும். இந்த மாற்றத்தின் நடுப்புள்ளியைத் தோராயமாகக் கண்டுபிடிக்க 115ஐ முன்பலகையின் அகலத்தால், மீட்டரில், வகுத்தால் போதும். 20 செ.மீ. அகலத்துக்கு 575 ஹெர்ட்ஸ் வருகிறது. குரலுக்கு உடம்பு கொடுக்கும் பகுதியே அதுதான். கடைப் போர்டில் இதற்கு ஈடுகட்டும் வேலை எதுவும் இருக்காது, அதனால்தான் அப்படிக் கட்டியவை எல்லாம் மெலிந்து, கத்துகிற மாதிரி கேட்கின்றன.

ட்வீட்டர் விஷயம் இன்னும் மோசம். 2,500 ஹெர்ட்ஸில் அலைநீளம் 13.7 செ.மீ. புது ட்வீட்டரில் ஒலி புறப்படும் இடம் பழையதைவிட 2 செ.மீ. முன்னே பின்னே இருந்தால் ஃபேஸ் 52 டிகிரி நகர்ந்துவிடும். விலை உயர்ந்த ட்வீட்டரைப் போட்டும் நடுவில் ஒரு பள்ளம் விழும், பிறகு கேபிளைக் குறை சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

ஆகவே, யாரோ ஒருவர் பெட்டியில் வைத்து அளந்து முடித்த வரைபடத்தை எடுங்கள், டிரைவர், முன்பலகை, கிராஸோவர் மூன்றையும் அப்படியே கட்டுங்கள். உங்கள் கைவண்ணத்தைப் பெயின்டில் காட்டலாம்.

ஒற்றைக்கூம்பு:

எல்லோரும் சேர்ந்து ஃபுல்ரேஞ்சை மூலையில் உட்கார வைத்துவிட்டீர்களே! சால்டர்சாமி எழுதிய அத்தனை தலைவலியும் கிராஸோவரால் வருவது. கிராஸோவரே இல்லாவிட்டால்? ஒரே டிரைவர், ஒரே இடத்திலிருந்து எல்லா ஒலியும். குரலும் வயலினும் கேட்கிற ஆளுக்கு 2 மீட்டர் தூரத்தில் இதைவிட இயல்பாக ஒன்று கிடைப்பது கஷ்டம். பாடுபவர் நடுவில் வந்து நிற்பார். சால்டரிங் வேலை நாலே நாலு முனை.

நியாயமாக இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 4 அங்குல டிரைவரின் கூம்பு சுமார் 8 செ.மீ. விட்டம் இருக்கும், 4,300 ஹெர்ட்ஸ் பக்கம் அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, அதற்கு மேல் ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராகவே போகும். உட்காரும் இடத்தில் பிரமாதம், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மந்தம். பேஸ் கொண்டுவரக் குழல் பெட்டி வேண்டும். நேரான குழலின் கால் அலைக் கணக்கில் 50 ஹெர்ட்ஸுக்கு 1.7 மீட்டர் நீளம் வருகிறது, மடித்துத்தான் கட்ட வேண்டும். முன்பலகை விவகாரம் இதற்கும் உண்டு, ஒரு காயிலையும் அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டரையும் டிரைவருக்குத் தொடரில் போட்டுச் சரிக்கட்டலாம். சத்தம் கூட்டினால் சின்னக் கூம்பு திணறும்.

அவர் சத்தமாகக் கேட்பதில்லை என்கிறாரே, அதனால்தான் சொல்கிறேன்.

சால்டர்சாமி:

காயிலும் ரெசிஸ்டரும் போட்டால் உணர்திறனில் நாலைந்து டெசிபல் போய்விடுமே அண்ணே, அப்புறம் என்ன "கிராஸோவரே இல்லை"? :) மற்றபடி ஃபுல்ரேஞ்சை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் படமும் பார்க்கிறேன் என்கிறார், ஒரு வெடிச்சத்தம் வந்தால் 4 அங்குலம் பாவம்.

ஒற்றைக்கூம்பு:

பெட்டியைச் சுவர் ஓரமாக வைத்தால் அந்தச் சரிக்கட்டலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் தம்பி. வெடிச்சத்தம் கேட்பதற்காக ஸ்பீக்கர் கட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

அளவுகோல்:

இரண்டு பேரும் நிறுத்துங்கள், அறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

4 மீட்டர் நீளத்தில் முதல் அறை ஒத்ததிர்வு 43 ஹெர்ட்ஸ், 3 மீட்டர் அகலத்தில் 57. இந்த இரண்டு இடங்களிலும் பேஸ் தானாகவே எழும்பி நிற்கும், நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். 8 அங்குல ஊஃபர் கொண்டுவந்து 35 ஹெர்ட்ஸ் வரை தள்ளினால் அந்த அறையில் கேட்பது பேஸ் அல்ல, உறுமல். 50, 55 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் ஒரு 5 அல்லது 6 அங்குல டூ-வே அங்கே நிறைவாகவே இருக்கும்.

மூடிய பெட்டியா, காற்று போய்வரும் குழாயான போர்ட் வைத்ததா என்று அடுத்து கேட்பீர்கள், அதனால் இப்போதே. மூடிய பெட்டி கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும், 12 டெசிபல் வீதம் சரியும், போர்ட் பெட்டி 24 வீதம். மூடியது சீக்கிரமே சரியத் தொடங்கினாலும் சரிவு மெதுவானது, சின்ன அறை கீழே தரும் உதவியோடு அது நன்றாகவே இணையும். போர்ட் வைத்தது அதே ஊஃபரில் இன்னும் ஆழம் தரும், ஆனால் போர்ட் குழாய் மெலிதாக இருந்தால் காற்று புஸ் புஸ் என்று சத்தம் போடும், குழாய் பின்பக்கம் இருந்தால் சுவரிலிருந்து தள்ளி வைக்க இடம் வேண்டும். எந்த ஊஃபர் எந்தப் பெட்டிக்கு ஒத்துவரும் என்று கணக்கிட 1961இல் தீல் என்ற பொறியாளர் எழுதியதும், 1970களின் தொடக்கத்தில் ஸ்மால் என்ற பொறியாளர் அதை விரித்ததும்தான் இன்றும் அடிப்படை. Fs (ஊஃபரின் ஒத்ததிர்வு) என்றும் Qts (அந்த அதிர்வு எவ்வளவு அடக்கப்படுகிறது) என்றும் டேட்டா ஷீட்டில் பார்க்கிற எண்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆயத்த வரைபடத்தில் இந்தக் கணக்கை வேறொருவர் ஏற்கெனவே போட்டிருப்பார், நீங்கள் மீண்டும் போட வேண்டியதில்லை.

வரைபடம் தேர்ந்தெடுக்கும்போது பாராட்டு வார்த்தைகளைப் படிக்காதீர்கள், படங்களைப் பாருங்கள். நேர் எதிரே அளந்த அதிர்வெண் கோடு மட்டும் இருந்தால் போதாது, 15, 30, 45 டிகிரி பக்கவாட்டில் அளந்த கோடுகளும் இருக்க வேண்டும், அவை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காக இறங்க வேண்டும். 6 அங்குல ஊஃபரின் கூம்பு சுமார் 13 செ.மீ., அதை 3,000க்கு மேல் வரை ஓடவிட்டிருந்தால் பக்கவாட்டில் பள்ளம் தெரியும், அதனால்தான் நல்ல வடிவமைப்பாளர்கள் 2,000 பக்கமே பிரித்துவிடுகிறார்கள். ட்வீட்டரின் ஒத்ததிர்வு, பிரிப்பு இடத்துக்கு ஒரு ஆக்டேவாவது கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்ப்யூட்டரில் வரைந்த கோடு மட்டும் இருந்து, அளந்த கோடு இல்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். வடிவமைத்தவரைத் தவிர வேறு நாலு பேராவது கட்டியிருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

புதுச்சுருள்:

மிக்க நன்றி, தலை சுற்றுகிறது, ஆனால் நல்லவிதமாக. த்ரீ-வே அவுட். ட்வீட்டர் மாற்றும் யோசனையும் அவுட். ஒற்றைக்கூம்பு அண்ணன் சொன்னது ஆசையைக் கிளப்புகிறது, ஆனால் டூ-வே பக்கமே சாய்கிறேன்.

இப்போது இரண்டு சந்தேகம். ரூட்டர் இல்லாமல் ட்வீட்டரைப் பலகை மட்டத்துக்கு எப்படிப் பதிப்பது? வரைபடத்தில் உள்ள பெட்டி 30 செ.மீ. ஆழம் என்றால், என் அலமாரிக்கு ஏற்ப 22 ஆகக் குறைக்க முடியுமா? குறிப்பாகப் பெயர் சொல்லி ஏதாவது திட்டம் பரிந்துரைக்க முடிந்தால் நல்லது.

மரத்தூள்:

ரூட்டர் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ட்வீட்டர் விளிம்பு 4 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதே தடிமனில் ஒரு மெல்லிய பிளைவுட் எடுத்து, விளிம்பின் வெளிவிட்ட அளவுக்கு ஜிக்சாவில் ஓட்டை போட்டு, முன்பலகையின் மேல் ஒட்டிவிடுங்கள். உள்ளே இருக்கும் தடித்த பலகையில் சின்ன ஓட்டை. டிரைவர் கச்சிதமாக உட்காரும். ஓட்டையை ஒரு மி.மீ. சின்னதாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊஃபர் மேலாக உட்கார்ந்தால் பெரிய நஷ்டம் இல்லை, ட்வீட்டரில்தான் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால் உயர் ஒலி சிதறும்.

பலகைகளை மரக்கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவிடுங்கள், ஜிக்சாவில் நேர்கோடு வராது. 18 மி.மீ. எம்டிஎஃப் போதும், பிளைவுட்டும் தப்பில்லை. எம்டிஎஃப் விளிம்பில் நேராக ஆணியோ திருகோ அடித்தால் பிளந்துகொள்ளும், மரப்பசையும் கிளாம்ப்பும் போட்டாலே பலகையைவிட இணைப்பு உறுதியாக நிற்கும். வெட்டும்போது நல்ல மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, வெளியிடத்தில் வைத்து வெட்டுங்கள்.

ஆழம் குறைப்பது பற்றி: முன்பலகையின் அகலத்தையும் டிரைவர்கள் இருக்கும் இடத்தையும் தொடக்கூடாது. உள் கொள்ளளவு மாறக்கூடாது. அகலத்தைத் தொடாமல் ஆழத்தை மட்டும் குறைத்தால், உயரத்தைக் கீழ்ப்பக்கமாக நீட்டி ஈடுகட்ட வேண்டும். உதாரணமாக உள்ளே 18 செ.மீ. அகலம், 30 உயரம், 22 ஆழம் என்றால் 11.9 லிட்டர், அதில் ஊஃபர், போர்ட் குழாய், குறுக்குச் சட்டம் எல்லாம் அடைக்கும் இடத்தைக் கழிக்க வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், அலமாரிக்குள்ளேயா வைக்கப்போகிறீர்கள்? ட்வீட்டர் காது மட்டத்தில் வர வேண்டும், இரண்டு பக்கமும் புத்தகம் நெருக்கினால் சால்டர்சாமி சொன்ன முன்பலகைக் கணக்கே மாறிவிடும். ஸ்டாண்டில் வைக்க வழி இருந்தால் 30 செ.மீ. ஆழத்தை அப்படியே விடுங்கள்.

அளவுகோல்:

பெயர் கேட்டீர்கள். மரவேலைப் பயம் இருந்தால் சி-நோட் என்று ஒரு கிட் உண்டு, ஐந்தேகால் அங்குல ஊஃபர், வேவ்கைடு (ஒலியை வழிநடத்தும் புனல் போன்ற விளிம்பு) வைத்த ட்வீட்டர், பலகைகள் ஓட்டையோடு வெட்டி வரும், ஒட்டினால் போதும். ஓவர்நைட் சென்சேஷன்ஸ் இன்னும் சின்னது, நிறைய பேர் கட்டியது, ஆனால் 4 அங்குல ஊஃபர், உணர்திறன் குறைவு, உங்கள் 30 வாட் கொஞ்சம் வியர்க்கும். இன்னும் மேலே போக வேண்டுமானால் டென்மார்க்கின் ட்ரோல்ஸ் கிரேவ்சன் வெளியிட்ட டூ-வே வரைபடங்களைப் பாருங்கள், அளவீடுகளும் பெட்டிப் படங்களும் விரிவாக இருக்கும். மரமே வேண்டாம் என்றால் லிங்க்விட்ஸின் எல்எக்ஸ்மினி பிளாஸ்டிக் குழாய்களில் கட்டுவது, ஆனால் அதற்கு ஒலியை டிஜிட்டலாகப் பிரிக்கும் டிஎஸ்பியும் நாலு சேனல் ஆம்ப்பும் வேண்டும், உங்கள் பழைய ஆம்ப் மட்டும் போதாது.

கட்டி முடித்ததும் ஒரு அளவீட்டு மைக்கும் ஒலியை அளக்கும் ஆர்ஈடபிள்யூ (REW) மென்பொருளும் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். மென்பொருள் இலவசம். ட்வீட்டர் கம்பிகளை வேண்டுமென்றே தலைகீழாக மாற்றி இணைத்து அளந்தால், பிரிப்பு இடத்தில் ஆழமான குறுகிய பள்ளம் விழ வேண்டும். விழுந்தால் சரியான இணைப்பில் இரண்டும் ஒரே ஃபேஸில் சேருகின்றன என்று அர்த்தம், கம்பியைத் திருப்பி மாட்டிவிடலாம். பள்ளம் சரியான இணைப்பில் விழுந்து தலைகீழில் காணாமல் போனால் எங்கோ கம்பி மாறியிருக்கிறது. சில வரைபடங்களில் ட்வீட்டரைத் தலைகீழாக இணைப்பதே சரியான முறை என்பதால் படத்தில் உள்ள கூட்டல் குறியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சால்டர்சாமி:

கிராஸோவர் பாகங்கள் வாங்கும்போது இரண்டு விஷயம் மட்டும். காயிலுக்கு மின்தடை எவ்வளவு என்று வரைபடத்தில் போட்டிருப்பார்கள், அதைவிடக் குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று தடித்த கம்பியில் வாங்காதீர்கள், அந்த மின்தடையையும் சேர்த்தே கணக்குப் போட்டிருப்பார். ட்வீட்டருக்குத் தொடரில் வரும் கெபாசிட்டர் பாலிப்ரோப்பிலீனாக இருக்கட்டும். ஊஃபருக்கு இணையாகக் கிரவுண்டுக்குப் போகும் பெரிய மதிப்புக்கு நான்-போலார் எலக்ட்ரோலைட்டிக்கே போதும். தங்கம், வெள்ளி என்று பெயர் வைத்து விற்கும் கெபாசிட்டர்களுக்குக் கொடுப்பதை ஸ்டாண்டுக்குச் செலவழியுங்கள்.

போர்டில் பொருத்தும்போது காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில், தள்ளித் தள்ளி வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் படுத்திருந்தால் ஒன்றின் காந்தப்புலம் அடுத்ததில் ஏறும்.

புதுச்சுருள்:

முடிவாகிவிட்டது. ஸ்டாண்டில் வைக்கும் 6 அங்குல டூ-வே, போர்ட் முன்பக்கம், 8 ஓம், 30 டிகிரி கோடு வரை அளந்து போட்டிருக்கிறார்கள், இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பிரிக்கிறது. பலகை அறுக்க நாளைக்குக் கொடுக்கிறேன். கிராஸோவரைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் பிறகு திறக்க முடியாதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

மரத்தூள்:

முதலில் உள்ளே வைக்கவே வேண்டாம். பெட்டிக்குப் பின்னால் நாலு கம்பியை வெளியே இழுத்து, போர்டை வெளியிலேயே வைத்துக் கேளுங்கள், அளந்து பாருங்கள், திருப்தியானதும் ஊஃபர் ஓட்டை வழியாக உள்ளே திருகிவிடலாம். 6 அங்குல ஓட்டையில் கை தாராளமாகப் போகும், போர்டை மட்டும் அதற்கேற்ற அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், முடிந்தால் ஊஃபருக்கு ஒன்று ட்வீட்டருக்கு ஒன்று என இரண்டு துண்டாக. கம்பி வெளிவந்த ஓட்டையை அதுவரை களிமண்ணாலோ டேப்பாலோ காற்றுப் போகாமல் அடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் போர்ட் கணக்கு தப்பாகி பேஸ் சப்பென்று கேட்கும்.